கண்ணை மட்டும் விட்டுடுங்க

தீபாவளி விடியற்காலையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கென்று ஒரு வாசனை உண்டு. நல்லெண்ணெயில் கொஞ்சம் மிளகும் ஒரு கிள்ளு பச்சரிசியும் போட்டுக் காய்ச்சும்போது, அரிசி பொரிகிற நேரத்தில் அது வரும். எங்கள் ஊரான பெர்மாஸ் ஜெயாவின் வரிசை வீடுகளில் பின்கதவைத் திறந்து வைத்தால், யார் வீட்டில் எண்ணெய் காய்கிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

அந்த வருஷம் என் மகள் ஷாமினிக்குப் பதினாறு வயது. விளையாட்டு விடுதியிலிருந்து முதல் நாள் மாலைதான் வீட்டுக்கு வந்திருந்தாள். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்தேன். தோள், கை என்று தேய்த்துக்கொண்டே வந்து காலுக்குக் குனிந்தபோது, கைலியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"காலுக்கு வேணாம் மா."

மகாராணிக்குக் கால் கூசுகிறதா என்று கேலி செய்துகொண்டே நானும் கைலியை இழுத்தேன். அவள் விடவில்லை. நான் சிரித்துக்கொண்டே பிடுங்கினேன்.

இரண்டு முட்டிகளுக்கும் பின்னால் கோடுகள். பழையவை கறுத்துப் போயிருந்தன. அவற்றின் மேல் புதிதாகச் சில, சிவந்து தடித்து.

"முட்டி மடங்குனா அடி மா. எல்லாருக்கும்தான்" என்றாள், எண்ணெய் கண்ணில் இறங்காமல் இருக்க முகத்தைத் துடைத்தபடி.

அந்த 'எல்லாருக்கும்தான்' என்ற சொல்தான் என்னை உலுக்கியது. மழை எல்லோர் மேலும் பெய்யும் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் சத்தம் போடவில்லை. வெந்நீர் ஊற்றினேன், புதுத்துணி எடுத்துக் கொடுத்தேன், வந்தவர்களுக்கெல்லாம் இட்லியும் ஆட்டுக்கறியும் பரிமாறினேன். எல்லோரும் போகட்டும், இதை நான் சும்மா விடப்போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில், நான் ஓட்டும் பள்ளி வேனில் ஏறி இறங்கிய பிள்ளைகளின் கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேன். இது என் வீட்டுப் பிள்ளையின் கதை. எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றாள்.

வாத்து நடை

ஷாமினியின் விளையாட்டு வேகநடை. ஓட்டம் இல்லை, நடைதான். ஆனால் நீங்களும் நானும் ஓடினால்கூட அவளைப் பிடிக்க முடியாது.

அதற்கு இரண்டு விதிகள்தான் முக்கியம். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், உடம்பு அதன் மேல் வந்து சேரும்வரை முட்டி மடங்காமல் நேராக இருக்க வேண்டும். வழியெல்லாம் நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்பு செய்தால் எச்சரிக்கை. மேலும் மேலும் செய்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

அந்த நடைக்கு இடுப்பு நன்றாக ஆடும். எங்கள் குடியிருப்பான தாமானில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. கோடி வீட்டு அம்மா ஒரு நாள் வேனை நிறுத்தி, உங்கள் மகள் வாத்து மாதிரி ஆட்டிக்கொண்டு எங்கே போகிறாள் என்று கேட்டார். மெடல் வாங்கப் போகிறாள், உங்களுக்கும் ஒன்று வேண்டுமா என்றேன். அதன் பிறகு அவர் கேட்பதில்லை.

மெடலும் வந்தது. தமிழ்ப் பள்ளியில், மாவட்டத்தில், மாநிலத்தில் என்று வரிசையாக வந்தது. அப்புறம் மாநிலப் பயிற்சி மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். விடுதியில் தங்கிப் படிக்கலாம், பயிற்சி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்றார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று குதித்துக்கொண்டு அனுப்பினோம்.

ஒப்படைத்த நாள்

என் வீட்டுக்காரர் சுகுமாரன் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை; விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அவர் தோட்டத்துப் பள்ளியில் சேர்ந்த அன்று அவருடைய அப்பா வாத்தியாரிடம் சொன்னாராம்: "கண்ண மட்டும் விட்டுடுங்க சார், மத்ததெல்லாம் தோல உரிச்சிடுங்க."

தமிழ் வீடுகளில் இதைக் கேட்காதவர் யார்? பிள்ளையை ஒப்படைக்கும்போது கும்பிடு போடுவது மாதிரி இதையும் சொல்லி வைப்பார்கள். அடியாத மாடு படியாது என்பார்கள், அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரரும் அந்தத் தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தது அந்த வாத்தியார் அடித்த அடியால்தான் என்று நம்புகிறவர். என்னைக் கேட்டால், அது ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் அவர் படித்த படிப்பால்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

விடுதியில் சேர்த்த அன்று கோச் குணாளன் வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார். நெற்றியில் விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. நம் இனத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்த பயிற்றுநர் என்று என் வீட்டுக்காரருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கோச்சின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, தன் அப்பா சொன்னதை அப்படியே சொன்னார். கண்ணை மட்டும் விட்டுடுங்க, கோச்.

கோச் சிரித்தார். "கவலப்படாதீங்கண்ணே, இனி இது என் பிள்ள" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

முழுப் பூசணிக்காய்

தீபாவளி முடிந்த மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா முட்டியைப் பார்த்தார். கெண்டைக்கால் பக்கம் எலும்பைத் தொட்டபோது ஷாமினி துள்ளினாள். படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் விரிசல், அதுவும் பல வாரம் பழையது. இந்தக் காலோடு நடந்தாயா என்று டாக்டர் கேட்டார். நிறுத்தினால் சோம்பேறி என்று அடி விழும், அதனால் நடந்தேன் என்றாள் என் மகள்.

அங்கிருந்து நேரே மையத்துக்கு வேனை விட்டேன். வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு உடன் வந்தார். மேலாளர் எங்களை உட்கார வைத்து, குளிர்ந்த மைலோ கொடுத்து, ஷாமினி குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் தங்களுக்குத் தகவல் என்றார். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

குளியலறையில் வழுக்கி விழுந்தவளுக்கு இரண்டு முட்டிக்கும் பின்னால் வரி வரியாக அடிபடுமா? அது என்ன, கோடு போட்டு அடிக்கத் தெரிந்த தரையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அன்றுதான் இலை போட்டுப் பரிமாறியதைப் பார்த்தேன். இதையெல்லாம் மலாயில் மேலாளரிடமும் சொன்னேன்.

அப்போதுதான் கோச் குணாளன் உள்ளே வந்தார். அவர் குளியலறைக் கதையெல்லாம் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக என் வீட்டுக்காரரைப் பார்த்து, அன்பாகவே பேசினார்.

"என்னண்ணே இது? நீங்கதானே சொன்னீங்க, கண்ண மட்டும் விட்டுடுங்கன்னு. நான் கண்ணத் தொட்டனா?"

என் வீட்டுக்காரர் தலை குனிந்ததைப் பார்த்த மேலாளரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். போகிற வழியிலேயே போலீஸ் நிலையம். அங்கே சார்ஜன் பதவியில் இருந்த மலாய்ப் பெண் போலீஸ், ஷாமினியைத் தனியாக உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் கேட்டு எழுதினார். என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. வேனில் பின்சீட்டில், பிள்ளைகள் உட்காருகிற இடத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

நம்ம ஆளு

ஒரு வாரத்தில் டத்தோ வந்தார்; அது அரசர் கொடுக்கிற பட்டம், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாநில விளையாட்டுச் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறவர். பழக்கூடையோடு வந்தார், செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார், என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். பேச்சு சுற்றி வளைத்து வந்தது. பேசிக்கொண்டே தான் கொண்டுவந்த கூடையிலிருந்தே ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். அறை முழுக்க அந்தத் தோலின் வாசனை.

"எத்தன கஷ்டப்பட்டு நம்ம ஆளு ஒருத்தன் அந்த எடத்துக்கு வந்திருக்கான். நாமளே ரிப்போட் போட்டு இறக்கி விட்டா, நாளைக்கு அந்த எடத்துக்கு நம்ம ஆளு யாரு வருவா, தங்கச்சி?"

புகாரை மீட்டுக்கொண்டால், கால் ஆறியதும் ஷாமினி அணியிலேயே இருக்கலாம், அடுத்த தேசியப் போட்டிக்குப் பெயர் போகும் என்றார். இல்லாவிட்டால் விடுதி இடமும் அணி இடமும் தன் கையில் இல்லை என்றார். மிரட்டல் இல்லையாம், நிலைமையைச் சொல்கிறாராம்.

அவர் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. நம்மவர்களுக்கு ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த விடுதியில் அடி வாங்குகிற பிள்ளைகளும் நம்மவர்கள்தானே? அவர்களை யார் கணக்கில் சேர்ப்பது?

நான் பேசுமுன் ஷாமினி அறையிலிருந்து வந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். அணியில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். தூக்கத்தில்கூடக் கால் நேராகத்தான் இருக்கும்.

"டத்தோ, அங்க இருக்கற பிள்ளைங்கள அடிக்கறத நிறுத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

டத்தோ ஒழுக்கம், கட்டுப்பாடு, அந்தக் காலத்தில் தாங்கள் வாங்கிய அடி என்று பேச ஆரம்பித்தார். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, அப்படியென்றால் ரிப்போட் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பழக்கூடையை எடுத்துப் போய் அவருடைய காரில் வைத்தேன்.

அவர் போன பிறகும் என் வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழவில்லை.

"நான்தானே வாய விட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்தக் கோச் முன்னால போயி நிப்பேன்?"

"இதே மூஞ்சிய வெச்சிக்கிட்டுத்தான். வேற மூஞ்சிக்கு எங்க போறது?" என்றேன். கொஞ்சம் கடுமைதான். ஆனால் அந்த நேரத்தில் அவரைத் தடவிக் கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

சொன்னதைத் திரும்ப வாங்குவது

சங்கத்தின் விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நீள மேசை, அந்தப் பக்கம் டத்தோவும் இன்னும் சிலரும், ஓரத்தில் மலாய்க்காரப் பெண் செயலாளர். கோச் குணாளன் ரொத்தான் வைத்திருந்ததை மறுக்கவில்லை. எங்கள் ஊரில் பிரம்பை அப்படித்தான் சொல்வோம். அது பயிற்சிக் கருவி மாதிரி என்றார். பெற்றோரே அனுமதி கொடுத்திருந்தார்கள் என்றார்.

அப்படி அனுமதி கொடுத்தீர்களா என்று டத்தோ என் வீட்டுக்காரரைக் கேட்டார். கேட்கும்போதே முடிவு எழுதியாகிவிட்ட முகம்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கப்பல் பட்டறையில் வேலை செய்கிற கை; அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னேன். எங்கப்பாவும் சொன்னாரு. உங்கள நம்பி விடறோம்னு சொல்றதுக்கு எங்களுக்கு வேற பேச்சு தெரியல. அத அடிக்கிறதுக்கு லைசென்ஸா எடுத்துக்கிட்டாரு இவரு. அந்தப் பேச்ச நான் வாபஸ் வாங்கறேன். எழுதிக்குங்க."

செயலாளருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவர் பக்கம் திரும்பி, அதையே மலாயிலும் சொன்னார். அந்தப் பெண் எழுதினார். என் வீட்டுக்காரரை நான் கட்டிய நாளிலிருந்து அவர் இத்தனை பேர் முன்னால் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்து அவரிடமே அதைச் சொன்னேன்.

பெருமையால் பலன் வந்ததா என்றால், இல்லை. கடுமையான பயிற்சி நடந்திருக்கிறது, துன்புறுத்தல் நடக்கவில்லை என்று முடித்தார்கள். கோச் குணாளன் பக்கத்து மாநிலத்துக்கு மாறிப் போனார். ஷாமினியின் கட்டில் வேறு பிள்ளைக்குப் போனது. அவள் தலையணையை வாங்கி வருவதற்கே நான் இரண்டு முறை போன் செய்ய வேண்டியிருந்தது.

போலீஸ் புகார் மட்டும் அசையாமல் இருந்தது. சார்ஜனுக்கு அடிக்கடி போன் போட்டுக் கேட்டேன். வேன் அக்கா, விட மாட்டீங்களா என்று அவர் ஒரு நாள் சிரித்தார். விட மாட்டேன் என்றேன். இன்னொரு பிள்ளையும் வந்து சொன்னால் வழக்கு பலப்படும் என்றார் அவர். ஷாமினி தன் தோழிகள் எல்லோரிடமும் பேசினாள். யார் வீட்டிலும் வாய் திறக்கவில்லை. பூனைக்கு மணி கட்ட எந்த வீடும் முன்வரவில்லை. அவர்களுக்கும் அணி இடம் இருக்கிறதே.

எலும்பு கூடியதும் ஷாமினி மறுபடி நடக்க ஆரம்பித்தாள். விடுதி இல்லை, மைதானம் இல்லை. எங்கள் தாமானுக்கு வெளியே போகிற சாலையில், நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போகுமுன், அவள் முன்னால் நடப்பாள். நான் பின்னால் விளக்கு மின்ன வேனை உருட்டிக்கொண்டு போவேன். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுவார்கள். நானும் கண்ணாடியை இறக்கித் திருப்பித் திட்டுவேன்.

மூவாரில் ஒரு காலை

மூவாரில் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு திறந்த போட்டி வைத்தார்கள். அணியில் இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம். ஷாமினி சாதாரண வெள்ளை டீ சட்டையில் போய் நின்றாள். சேற்று வாடையும் எங்கோ மீன் சுடுகிற வாசனையும் கலந்த காலை. ஒரே சாலையில் போய்ப் போய்த் திரும்ப வேண்டிய நடை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அவள் எங்கள் முன்னால் வருவாள்.

கோச் குணாளனும் வந்திருந்தார், புது மாநிலத்தின் மஞ்சள் சட்டைப் பிள்ளைகளோடு. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், பழைய சொந்தக்காரர் மாதிரி.

ஷாமினி முன்னணியில் இருந்தாள். உண்மையைச் சொன்னால், நான் அப்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பதக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடிய ஒரு சுற்றுதான் பாக்கி.

மஞ்சள் சட்டையில் ஒரு சின்னப் பிள்ளை நொண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்தது. அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. கோச் அதன் மேல்கையைப் பிடித்துத் திருப்பி, கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியால் முட்டிக்குப் பின்னால் ஓர் அடி வைத்துச் சாலைக்குத் தள்ளினார். பொது இடம் என்பதால் ரொத்தான் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் ஷாமினி அங்கே வந்தாள். அவள் வேகம் குறைந்ததை முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர்தான். அவள் சாலையை விட்டு இறங்கினாள். அந்தப் பிள்ளைக்கும் கோச்சுக்கும் நடுவே போய் நின்றாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வர நேரமானது.

"இனிமே இந்தப் பிள்ள மேல கை வைக்காதீங்க, கோச்."

இரைந்து சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்ற அத்தனை பெற்றோருக்கும் கேட்டது. அவள் முந்திவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள்.

அந்தப் பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஷாமினியிடம்தான் கோபப்பட்டார். எங்கள் பிள்ளை, எங்கள் கோச், நடுவில் நீ யார் என்றார். ஷாமினி அந்தப் பிள்ளையைப் புல்லில் உட்கார வைத்து, குனிந்து, காலணிக் கயிற்றை அவிழ்த்தாள். காலுறையைக் கழற்றியபோது கணுக்கால் வீங்கி மினுமினுத்தது. அது இன்று வந்த வீக்கம் இல்லை என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

"எத்தன நாளா மா?" என்று அப்பா கேட்டார். பிள்ளை கோச்சைப் பார்த்தது. பிறகு ஷாமினியைப் பார்த்தது. ரொம்ப நாளா, பா என்றது.

கோச் ஏதோ சொல்லப் பக்கத்தில் வந்தார். அந்த அப்பா கையை நீட்டி அவரை நிறுத்தினார். பிறகு என் வீட்டுக்காரரின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ரிப்போட்டு எங்க போயி போடணும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அவரோடு போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போனார்.

அன்றைய முடிவுப் பலகையில் ஷாமினியின் பெயருக்கு நேரே, முடிக்கவில்லை என்று போட்டிருந்தது.

இப்போது அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. விடுதியில் இருந்த இன்னும் இரண்டு பிள்ளைகளும் சாட்சி சொல்ல வந்துவிட்டார்கள். முதலில் சாட்சிக் கூண்டில் ஏறப் போவது ஷாமினி. போன வாரம் சாதம் பிசைந்துகொண்டிருந்தவளிடம், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு மா," என்றாள். "அதுக்காக?"